பழகிய சத்தமும் பழகாத காதும்

(ஆரணியில் நெசவாளர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு வருகிறவர்கள் இரண்டு பொருளைப் பற்றிப் பேசுவார்கள். ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. நான் இன்று இரண்டைப் பற்றியும் பேசப் போவதில்லை. பட்டு உருவாகும்போது எழுகிற சத்தத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். சத்தம் என்பதை இயற்பியல் எப்படி அளக்கிறது? அந்த அளவு உங்கள் காதுக்கு என்ன சொல்கிறது? இதுதான் இன்றைய பொருள்.

அளவில்லாமல் இந்த ஊரில் ஏதாவது நடக்கிறதா? பட்டு நூலை டெனியரில் சொல்கிறீர்கள். சரிகையை மார்க் கணக்கில் வாங்குகிறீர்கள். பாவில் எத்தனை இழை, அச்சில் எத்தனை பல், முந்திக்கு எத்தனை அட்டை என்று கேட்டால், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வீர்கள். ஓர் இழை குறைந்தால் உங்கள் கண் கண்டுபிடித்துவிடும். ஆனால், காலையிலிருந்து மாலைவரை உங்கள் காதருகே அடிக்கிற அந்தத் தறியின் சத்தம் எவ்வளவு? அதற்கு மட்டும் இந்த ஊரில் கணக்கு இல்லை. கேட்டால் ஒரே பதில்தான் வருகிறது: “அது பழகிப்போச்சு சார்.”

பழகியது யாருக்கு? மனசுக்கா, காதுக்கா? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் மேலே போகப் போகிறேன்.

முதலில் சத்தம் என்றால் என்ன என்று பார்ப்போம். நாடா ஓடிப்போய்ப் பெட்டியின் முனையில் மோதுகிறது. மரம் அதிர்கிறது. அந்த மரத்தை ஒட்டியிருக்கும் காற்று நெருங்கி விலகுகிறது. அது பக்கத்துக் காற்றைத் தள்ள, அது அடுத்ததைத் தள்ள, நொடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் அந்தத் தள்ளல் உங்கள் செவிப்பறைக்கு வந்து சேருகிறது. காற்றின் அழுத்தத்தில் ஏற்படும் சிறு ஏற்ற இறக்கம், அவ்வளவுதான் சத்தம். அழுத்தத்தை அளக்கும் அலகு பாஸ்கல். நம் தலைக்கு மேலிருக்கும் காற்று மண்டலம் நம்மை அழுத்துவது ஏறக்குறைய ஒரு லட்சம் பாஸ்கல். இளம் வயதில், நல்ல காதுக்குக் கேட்கும் மிக மெல்லிய ஒலி எவ்வளவு தெரியுமா? ஒரு பாஸ்கலைப் பத்து லட்சமாகப் பங்கிட்டு, அதில் 20 பங்கு. காற்று மண்டலத்தின் அழுத்தத்தில் 500 கோடியில் ஒரு பங்கு!

அந்த ஒலியில் காற்றுத் துகள் அசைகிற தூரம் ஓர் அணுவின் குறுக்களவைவிடக் குறைவு. அணுவைவிடச் சிறிய அசைவை உணர்கிற கருவியை நாம் எல்லோரும் தலையின் இரு பக்கமும் வைத்துக்கொண்டு திரிகிறோம். எந்தப் பட்டறையிலும் செய்ய முடியாத கருவி அது. எந்தக் கடையிலும் மாற்றுப் பாகம் கிடைக்காத கருவியும் அதுதான்.

சரி, மேல் எல்லை எது? காது வலிக்கத் தொடங்கும் ஒலி. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் நடுவே அழுத்தம் பத்து லட்சம் மடங்கு வித்தியாசப்படுகிறது. ஒலி சுமந்து வரும் ஆற்றலைக் கணக்கிட்டால் இன்னும் மலைப்பு: லட்சம் கோடி மடங்கு! ஒன்றுக்குப் பின்னால் பன்னிரண்டு பூஜ்யம். இவ்வளவு பெரிய வீச்சைச் சாதாரண எண்ணால் எழுதிப் பார்த்தால் தாளும் தாங்காது, மனசும் தாங்காது.

அப்போது என்ன செய்தார்கள்? அமெரிக்காவில் தொலைபேசிக் கம்பிகளில் குரல் எவ்வளவு தேய்கிறது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் 1920களில் ஒரு வழி கண்டார்கள். எத்தனை மடங்கு என்று எழுதாமல், எத்தனை முறை பத்தால் பெருக்க வேண்டும் என்று எண்ணினார்கள். பத்து மடங்கா? ஒன்று என்று எழுது. நூறு மடங்கா? இரண்டு. ஆயிரம் மடங்கா? மூன்று. பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியும், இதுதான் மடக்கைக் கணக்கு. இந்த ஒன்றுக்கு ‘பெல்’ என்று பெயர். அது கொஞ்சம் பெரிய படியாக இருந்ததால் பத்தாகப் பிரித்தார்கள், அதுவே டெசிபெல். 1928இல் இந்தப் பெயர் நிலைத்தது. நன்றாகக் கேட்கிற காதின் கீழ் எல்லை 0 டெசிபெல். வலியின் எல்லை 120 டெசிபெல் அளவில். நீங்களும் நானும் ஒரு மீட்டர் தள்ளி நின்று பேசினால் 60 டெசிபெல் சுற்றுவட்டாரத்தில் இருக்கும்.

யார் அந்த பெல்? தொலைபேசிக்குக் காப்புரிமை பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல். அவர் தம் வாழ்நாளில் தம்மை முதலில் ஓர் ஆசிரியராகக் கருதினார். காது கேளாதவர்களுக்கு ஆசிரியர். அவருடைய தாயாருக்குச் செவித்திறன் குறைவு. அவர் மணந்துகொண்ட மேபல், ஐந்து வயதில் வந்த காய்ச்சலில் கேட்கும் திறனை இழந்தவர். உலகம் முழுவதும் சத்தத்தை அளக்கிற அலகு, காது கேளாதவர்களோடு வாழ்ந்த ஒரு மனிதரின் பெயரைத் தாங்கி நிற்கிறது. இதை நான் எப்போது நினைத்தாலும் நெஞ்சு நெகிழ்கிறது.

தோழர்களே, இப்போதுதான் முக்கியமான இடத்துக்கு வருகிறோம். கவனமாகக் கேளுங்கள்.

ஒரு வீட்டில் ஒரு தறி. ஒரு பேச்சுக்கு, அதன் சத்தம் 80 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு தறி போடுகிறீர்கள். இரண்டும் ஓடுகின்றன. இப்போது எத்தனை டெசிபெல்? 160 என்று சொல்லத் தோன்றும். தவறு. 83. நான்கு தறி? 86. எட்டு? 89. பத்து தறி ஓடினால் 90. நூறு தறி ஓடினால்தான் 100. ஆற்றல் இரண்டு மடங்கு ஆகும்போது டெசிபெல் எண் மூன்றுதான் ஏறும்.

அதனால்தான் எண்ணைப் பார்த்து ஏமாறக் கூடாது. “போன வருஷம் 85, இந்த வருஷம் 88, மூணுதானே கூடியிருக்கு” என்று ஒருவர் சொன்னால், அவர் காதுக்குள் போகிற ஆற்றல் இரண்டு மடங்காகிவிட்டது என்று பொருள்.

எண் மட்டுமா ஏமாற்றுகிறது? காதும் ஏமாற்றுகிறது. 1933இல் ஹார்வி பிளெட்சர், வில்டன் மன்சன் என்ற இருவர் அதே பெல் ஆய்வுக்கூடத்தில் ஆட்களை உட்காரவைத்து, காதில் கேட்பொறி மாட்டி, ஒரு சுரத்தையும் இன்னொரு சுரத்தையும் மாற்றி மாற்றிக் கேட்கச் செய்தார்கள். “இரண்டும் ஒரே அளவு உரக்கக் கேட்கிறதா?” என்று கேட்டார்கள். அழுத்தத்தை அளப்பது கருவியின் வேலை. எவ்வளவு உரப்பாகக் கேட்கிறது என்பதை மனிதனிடம்தானே கேட்க வேண்டும்? அந்த உரப்புக்கு ‘போன்’ என்ற அலகு இருக்கிறது. உளவியலாளர் ஸ்டீவன்ஸ் 1936இல் ‘சோன்’ என்ற அலகைத் தந்தார். இந்தச் சோதனைகள் எல்லாம் சேர்ந்து சொன்ன செய்தி என்ன? சாதாரண சத்தத்தில், பத்து டெசிபெல் ஏறினால் மனிதனுக்கு “ரெண்டு மடங்கு சத்தம்” என்று தோன்றுகிறது.

இதை நம் தறியோடு பொருத்திப் பாருங்கள். ஒரு தறி ஓடிய இடத்தில் பத்து தறி ஓடுகிறது. காதுக்குள் போகும் ஆற்றல் பத்து மடங்கு. ஆனால் மனம் சொல்வது “ரெண்டு மடங்குதான்” என்று! நூறு தறி ஓடினால் ஆற்றல் நூறு மடங்கு. மனம் சொல்வது “நாலு மடங்கு”. காதுக்குள் விழும் அடி ஒரு கணக்கில் ஏறுகிறது, நாம் உணர்வது வேறு கணக்கில் ஏறுகிறது. இரண்டு கணக்குக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியில்தான் உலகெங்கும் தொழிலாளர்களின் காது தொலைந்துபோனது.

பிளெட்சர், மன்சன் இருவரின் சோதனை இன்னொன்றையும் காட்டியது. காது எல்லாச் சுரத்தையும் ஒரே மாதிரி கேட்பதில்லை. நொடிக்கு 50 அதிர்வு உள்ள தாழ்ந்த சுரம் நமக்குக் கேட்கவே ஏறக்குறைய 40 டெசிபெலுக்கு மேல் வேண்டும். 3000, 4000 அதிர்வு உள்ள கூர்மையான சத்தத்துக்கோ காது மிகவும் கூர்மை. தவிலின் தொப்பிப் பக்கத்துக்கும் நாதஸ்வரத்தின் உச்ச சுரத்துக்கும் காது ஒரே நீதி செய்வதில்லை. ஆகவே அளவுகருவிக்குள் காதைப் போலவே தாழ்ந்த சுரத்தைக் குறைத்துக் கணக்கிடும் ஒரு வடிகட்டி வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ‘ஏ’ எடை. தொழிற்சாலை விதிகளிலும் ஒலி மாசு விதிகளிலும் நீங்கள் பார்க்கும் டெசிபெல் எல்லாம் இந்த ‘ஏ’ எடை போட்ட டெசிபெல்தான்.

தறிக்கும் காது கேளாமைக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? யாராவது நிரூபித்தார்களா? நிரூபித்திருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் டண்டீ என்று ஒரு நகரம். நம் வங்காளத்துச் சணலை வாங்கி நெய்தே வளர்ந்த ஊர். அங்கே தறியில் நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வில்லியம் டெய்லர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அந்தப் பெண்களின் காதைச் சோதித்து 1965இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏன் டண்டீயைத் தேர்ந்தார்கள்? அங்கே அரை நூற்றாண்டாகத் தறியும் மாறவில்லை, சத்தமும் மாறவில்லை. ஏறக்குறைய 100 டெசிபெல். புதிதாகச் சேர்ந்த பெண் முதல், வாழ்நாள் முழுக்க நெய்து ஓய்வுபெற்ற பாட்டி வரை, எல்லோரும் ஒரே சத்தத்தில் நின்றவர்கள். எத்தனை ஆண்டு நின்றால் எவ்வளவு போகிறது என்பதை ஏணிப்படி போல எண்ணிவிட முடிந்தது.

என்ன கண்டார்கள்? முதல் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் 4000 அதிர்வை ஒட்டிய சுரங்களில் காது வேகமாகத் தேய்கிறது. அப்போது அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஏனென்றால் சாதாரணப் பேச்சின் பெரும்பகுதி அதற்குக் கீழே இருக்கிறது. பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் கடந்ததும் தேய்மானம் கீழே இறங்கி, பேச்சின் சுரங்களைத் தொடுகிறது. அப்போதுதான் “எனக்குக் காது மந்தம்” என்று தெரிகிறது. தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. இங்கிலாந்தின் லங்காஷயர் பருத்தி ஆலைகளிலோ, பேச்சே கேட்காத சத்தத்தில் பெண்கள் உதட்டை அகல அசைத்து, முகத்தாலும் கையாலும் பேசும் ஒரு தனிப் பாஷையே வளர்ந்தது. ‘மீ-மா’ என்று அதற்குப் பெயர். அதைப் பற்றிக் கேட்டு ரசிக்கிறவர்கள் உண்டு. என்னால் ரசிக்க முடியவில்லை. அத்தனை சத்தத்தில் அவர்களை நிறுத்திய காரணத்தால் வந்த பாஷை அது.

காதுக்குள் என்ன நடக்கிறது? நத்தை ஓடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு. அதற்குள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 மயிர் உயிரணுக்கள். ஒலி வரும்போது அவை வளைந்து நிமிர்ந்து நரம்புக்குச் செய்தி அனுப்புகின்றன. அதிக சத்தத்தில் முதலில் சோர்கின்றன. ஓய்வு கொடுத்தால் தேறுகின்றன. ஓய்வு இல்லாமல் அடித்துக்கொண்டே இருந்தால் சாகின்றன. செத்த மயிர் உயிரணு மனிதனுக்கு மறுபடி முளைப்பதில்லை.

அந்தச் சோர்வை நீங்களே பிடிக்கலாம். தறியை விட்டு எழுந்து, இரவு சாப்பிட்டுவிட்டு டிவி பார்க்கிறீர்கள். வசதியாகக் கேட்கிற அளவுக்கு ரிமோட்டில் சத்தத்தை வைக்கிறீர்கள். அந்த எண்ணை நினைவில் வையுங்கள். காலையில் எழுந்ததும் தறியில் உட்காரும் முன், அதே எண்ணில் டிவியைப் போடுங்கள். “என்ன இப்படிக் கத்துது!” என்று தோன்றினால், நேற்று உங்கள் காது சோர்ந்திருந்தது என்று அர்த்தம். தாய்மார்களே, இன்னொரு அடையாளம்: “பேசுறது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல” என்று வீட்டுப் பெரியவர் சொல்கிறாரா? உயிரொலிகள் தாழ்ந்த சுரத்தில் இருப்பதால் கேட்கின்றன. ‘ச’, ‘த’ போன்ற மெல்லிய உரசல்கள் உயர்ந்த சுரத்தில் இருப்பதால் தொலைகின்றன. பேரப்பிள்ளையின் குரலும் பெண்களின் குரலும் முதலில் மங்குவது இதனால்தான். அவரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள், கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள்.

இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஆரணியின் குழித்தறி வேறு, சோமனூர், பல்லடம், குமாரபாளையம் பக்கத்து விசைத்தறிக் கூடம் வேறு. நாடா பாய்கிற விசைத்தறிகள் வரிசையாக ஓடும் கூடத்தில் 95 முதல் 105 டெசிபெல் வரை இருப்பது வழக்கம். ஒற்றைக் கைத்தறி அவ்வளவு சத்தம் போடாது. ஆனால் கைத்தறிக்கு வேறொரு சிக்கல் இருக்கிறது. தறி வீட்டுக்குள் இருக்கிறது! ஆலைத் தொழிலாளி சங்கு ஊதியதும் சத்தத்தை விட்டு வெளியே போகிறார். நீங்கள் எங்கே போவீர்கள்? விடியற்காலையில் ஒரு தறி, பக்கத்து வீட்டில் ஒரு தறி, எதிர்வரிசையில் இரண்டு தறி. அதே அறையில் தூளியில் குழந்தை. அதே அறையில் பத்தாம் வகுப்புப் பிள்ளை பாடம் படிக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தொழிற்சாலைச் சட்டத்தின் மாதிரி விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபெல் என்று எல்லை போட்டன. 95 என்றால் 4 மணி நேரம், 100 என்றால் 2 மணி நேரம். சத்தத்தால் வரும் காது கேளாமையை அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை தொழில்நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ஆனால் ஐந்து டெசிபெலுக்கு ஒருமுறை நேரத்தைப் பாதியாக்கும் அந்தக் கணக்கு இயற்பியலோடு ஒத்துப்போகவில்லை. ஆற்றல் இரண்டு மடங்காவது மூன்று டெசிபெலில் என்று பார்த்தோம் இல்லையா? அமெரிக்கத் தேசியத் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1998இல் பரிந்துரைத்த கணக்கு அதை ஒட்டியது: 85 டெசிபெலுக்கு 8 மணி நேரம், 88க்கு 4, 91க்கு 2. அப்படியே ஏறிப்போனால் 100 டெசிபெலுக்கு வெறும் 15 நிமிடம். ஒரு விதி 2 மணி நேரம் நில் என்கிறது, இன்னொன்று கால் மணி நேரத்தில் வெளியே வா என்கிறது. நான் கால் மணி நேரத்தின் பக்கம் நிற்கிறேன்.

இந்த விதிகள் எல்லாம் யாருக்கு? தொழிற்சாலைக்கு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்கின்றன. வீடே பட்டறையாக இருக்கிற மனிதனின் காதைப் பற்றி எந்த விதி பேசுகிறது? எந்த ஆய்வாளர் அவருடைய தறிக் குழிக்கு அருகே வந்து ஒலி மீட்டரை நீட்டுகிறார்? யாரும் வரவில்லை. ஆகவே நாமே அளப்போம்!

எப்படி அளப்பது? மீட்டரை அறையின் நடுவில் வைத்தால் அறையின் சத்தம் தெரியும். நெசவாளரின் காதில் விழுவது தெரியாது. ஒலிவாங்கியை அவருடைய காதுக்கு ஒரு சாண் தள்ளிப் பிடிக்க வேண்டும். அளக்கும் முன்பு, மீட்டர் உண்மை சொல்கிறதா என்று பார்க்க ஒரு சிறு உருளையை ஒலிவாங்கியின் மேல் பொருத்துவார்கள். அது 94 டெசிபெல் சுரம் ஒன்றைக் கொடுக்கும். சரியாக ஒரு பாஸ்கல் அழுத்தம். மீட்டர் 94 காட்டினால் மேலே போகலாம்.

தறிச் சத்தம் மின்விசிறிச் சத்தம் மாதிரி ஒரே சீராக வருவதில்லை. மிதிக்கிறீர்கள், ஜக்கார்டு பாவிழைகளைத் தூக்குகிறது, நாடா பாய்ந்து பெட்டியில் ‘சடக்’ என்று மோதுகிறது, பலகை வந்து ஊடையை அடிக்கிறது. ஒவ்வொரு ‘சடக்’கும் கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடுகிறது. மீட்டரின் ‘மெதுவான’ முறை ஒரு நொடிக்குச் சராசரி எடுக்கும். அந்த மோதலின் உச்சியை அது காட்டாது. ஆகவே இரண்டு எண் குறிக்க வேண்டும்: பத்து நிமிடத்தின் மொத்த ஆற்றலைச் சமமாகப் பரப்பிச் சொல்லும் சமநிலை அளவு ஒன்று; உச்ச அளவு ஒன்று. அந்தப் பத்து நிமிடத்தில் இழை அறுந்து நீங்கள் முடிச்சுப் போட்ட நேரமும் இருக்கட்டும், தார் மாற்றிய நேரமும் இருக்கட்டும். வேலை எப்படி நடக்கிறதோ அப்படியே அளக்க வேண்டும். கைபேசிச் செயலியில் பார்க்கலாமா என்று மாணவர்கள் கேட்பீர்கள். தெருவுக்குத் தெரு ஒப்பிட்டுப் பார்க்க உதவும். ஆனால் கைபேசியின் ஒலிவாங்கி பேச்சுக்காகச் செய்தது, பெரிய சத்தத்தில் தடுமாறும். அந்த எண்ணைக் கொண்டு மருத்துவரிடமோ அதிகாரியிடமோ வாதாட முடியாது.

எண் கூடுதலாக வந்தால் என்ன செய்யலாம்? ஓட்டு வீடுகள் கான்கிரீட் வீடுகளாக மாறியதில் ஒழுகல் நின்றது, நல்லது. ஆனால் கான்கிரீட்டும் வழவழப்பான சுவரும் ஒலியைத் திருப்பி அறைக்குள்ளேயே அடிக்கின்றன. 1895இல் அமெரிக்காவில் வாலஸ் சேபின் என்ற இளம் பேராசிரியர், எதிரொலியால் பயன்படாமல் கிடந்த ஒரு விரிவுரை அரங்கில் இரவெல்லாம் இருக்கைத் திண்டுகளைத் தூக்கிவந்து அடுக்கி, மெத்தென்ற பொருள் எவ்வளவு ஒலியை விழுங்குகிறது என்று கண்டறிந்தார். அவர் கண்டது நமக்கும் பொருந்தும். தறி அறைச் சுவரில் பழைய கோணிகளையும் கனத்த துணிகளையும் தொங்கவிட்டால் அறையின் மறுகோடியில் இருக்கும் குழந்தைக்குச் சத்தம் குறையும். தறியில் இருப்பவருக்குப் பெரிதாகக் குறையாது. அவர் காதுக்கு நாடாவின் சத்தம் சுவரைச் சுற்றி வருவதில்லை, நேரே வருகிறது. அவருக்கு வேண்டியது நாடா மோதும் இடத்தில் தோலோ ரப்பரோ வைத்துத் தைப்பது, தளர்ந்த ஆணிகளை முடுக்குவது, காதில் நுரை அடைப்பான் போடுவது. பஞ்சை உருட்டி வைத்துக்கொள்வதால் பெரிய பயன் இல்லை.

காதைச் சோதிக்கும் வேலை அரை மணி நேரத்தில் முடியும். சத்தம் புகாத சிறு அறையில் கேட்பொறியை மாட்டி, 250 அதிர்விலிருந்து 8000 வரை ஒவ்வொரு சுரமாகக் கொடுத்து, கேட்டதும் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். வலி கிடையாது, ஊசி கிடையாது. வரைபடத்தில் 4000க்கு நேரே ஒரு பள்ளம் விழுந்திருந்தால், அது சத்தம் போட்ட கையெழுத்து. இருபது வயதில் தறியில் உட்காரும் பிள்ளைக்கு அன்றைக்கே ஒரு வரைபடம் எடுத்து வையுங்கள். பிறகு ஆண்டுக்கு ஒன்று. பாவு தோய்த்த கணக்கை எழுதிவைக்கும் நோட்டிலேயே அதையும் ஒட்டிவையுங்கள்.

மேடைக்குக் கீழே மேசையில் மீட்டரும் அந்த 94 டெசிபெல் உருளையும் இருக்கின்றன. மாணவர்கள் முதலில் வாருங்கள், பிடித்துப் பழகுங்கள். நெசவாளத் தோழர்கள், உங்கள் தெருவில் எத்தனை தறி, எந்த நேரத்தில் எல்லாம் சேர்ந்து ஓடும் என்று அவர்களிடம் சொல்லுங்கள். எந்தத் தெருவில் முதலில் அளப்பது என்பதை இந்த அரங்கை விட்டுப் போவதற்குள் முடிவு செய்துவிடுவோம்.